தனுஷ்கோடி பேனாவுக்குள் குடியிருந்தபோது

போடிநாயக்கனூர் கடைத்தெருவில் ஏலக்காய் வியாபாரி தனுஷ்கோடி ஒரு பேனாவுக்குள் போய்விட்ட அன்று மேற்கே மலையில் மழை பிடித்திருந்தது, தெருவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, இரண்டும் எங்கள் ஊரில் ஒன்றாக நடப்பதுதான் என்பதால் யாரும் வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதேபோல அவர் உள்ளே போனதையும் முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனுஷன் எங்காவது போய் மாட்டிக்கொள்வது புதிதா என்ன? கல்யாணத்தில் மாட்டுகிறான், கட்சியில் மாட்டுகிறான், மதுரைக்குப் போனால் லிஃப்டில் மாட்டுகிறான். இவர் பேனாவில் மாட்டினார்.

தனுஷ்கோடியைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏலக் கூடத்தில் தட்டுத் தட்டாகச் சரக்கு வந்து நிற்கும்போது மற்ற வியாபாரிகள் காயை நசுக்கி, கடித்து, வெளிச்சத்தில் பிடித்து உருட்டிக்கொண்டிருப்பார்கள். அவர் ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோய் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுப்பார், அவ்வளவுதான், எந்த மலை, எந்தச் சரிவு, மழைக்கு முன்னால் பறித்ததா பின்னால் பறித்ததா, உலர்த்தும்போது காவலுக்கு இருந்தவன் கண்ணசந்தானா என்பது வரைக்கும் தெரிந்துகொண்டு விலையைச் சொல்லிவிடுவார். மூக்கு வைத்துப் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டார், மூக்கு வைத்த பிறகு தயங்கவும் மாட்டார். ஆனால் அந்தக் கூடத்தின் வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் அவர் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு சொல்தான்: “பாப்போம்.”

மாடிக்குப் படி கட்டினார், மேலே அறை ஒன்றா இரண்டா என்று பார்ப்போம் என்றார், இன்றைக்கும் அந்தப் படி ஏறினால் வானம்தான். மகள் பிறந்தபோது ஒன்பது பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு பார்ப்போம் பார்ப்போம் என்று இருந்ததில், பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று தலைமையாசிரியர் பொறுமை இழந்து ‘பாப்பா’ என்று எழுதிவிட்டார். அந்தப் பெண் அதே பெயரோடு படித்து, அதே பெயர் போட்ட பத்திரிகையோடு கல்யாணமாகித் திருப்பூர் போய்ச் சேர்ந்தாள். எங்களுக்கெல்லாம் இது சிரிப்பு. அவர் மனைவி தமயந்திக்கு இது வாழ்க்கை. ஒரு சொல்லுக்குள் இருபத்துச் சொச்சம் வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள், கதவும் இல்லாமல், ஜன்னலும் இல்லாமல்.

தமயந்திக்கு அந்த வருஷம் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் உதிரம் போனது, முகம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளுத்தது. தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, தள்ளிப்போடாமல் எடுத்துவிடுவது நல்லது என்றார். வெளியே மேஜையில் இருந்தவர் ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார். அவ்வளவுதான் பாக்கி. ஒரு கையெழுத்து. தனுஷ்கோடி அந்தக் காகிதத்தை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், நின்று பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: “இது என்ன சரக்குக்குப் போடுற கையெழுத்தா? வயித்தக் கிழிக்கிற சமாச்சாரம். நல்ல பேனாவா ஒண்ணு வாங்கிப் போடுவோம்.”

தமயந்தி அதற்கும் சரி என்றாள். அவர் ‘போடுவோம்’ என்று சொன்னதே அவளுக்குப் பெரிசாக இருந்தது.

பேனா வாங்க எங்கள் தெருவில் ஒரே இடம் சிக்கந்தர் கடைதான். ஏலக்காய் நல்ல விலைக்குப் போகிற வருஷங்களில் வியாபாரிகள் சட்டைப் பையில் தங்க முள் பேனா தெரிய நடப்பது எங்கள் ஊர் வழக்கம் என்பதால், இந்தச் சின்ன ஊரில் வெல்வெட் விரித்து வெளிநாட்டுப் பேனா விற்கிற அளவுக்கு அவருக்கு வியாபாரம் இருந்தது. சிக்கந்தர் பேச ஆரம்பித்தால் எச்சில் விழுங்கக்கூட நிறுத்த மாட்டார். மூன்று பேனாக்களை எடுத்து வரிசையாக வைத்தார்.

“அண்ணே, கார்ட்ரிஜ்ஜுன்னா மையை அடைச்சு சீல் வச்ச குப்பி. சொருகு, எழுது, தீந்துச்சா தூக்கிப் போடு, அடுத்தத சொருகு. கன்வர்ட்டர்னா அதே எடத்துல மாட்டிக்கிற சின்னக் குழாய், பாட்டில்லருந்து நாமளே மை உறிஞ்சிக்கலாம், கழட்டலாம், கழுவலாம். சின்ன எடம்தான், வாடகை வீடு மாதிரி வச்சுக்கங்க. பிஸ்டன்னா சொந்த வீடு! பேனா ஒடம்பே மைத்தொட்டி. வாலத் திருகினா ஒரே இழுப்புல அம்புட்டையும் உறிஞ்சிரும். என்ன ஒண்ணு, நம்ம இஷ்டத்துக்குக் கழட்ட முடியாது, செஞ்ச நாட்டுக்குத்தான் அனுப்பணும். எது வேணும்?”

“பாப்போம்” என்றார் தனுஷ்கோடி.

அன்று பார்த்தார், மறுநாள் பார்த்தார், அதற்கடுத்த நாளும் கடை திறக்கும் முன்பே வந்து நின்றார். கார்ட்ரிஜ்ஜில் தூக்கிப்போட மனசில்லை, கன்வர்ட்டரில் மை போதாதோ என்று பயம், பிஸ்டனில் பழுது வந்தால் என்ன செய்வது என்று கவலை. வீட்டில் தமயந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கடைசியில் அந்த வியாழக்கிழமை, பிஸ்டன் பேனாவுக்கு மை போட்டுக் காட்டுவதற்காகச் சிக்கந்தர் வாலைத் திருகிப் பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்திருந்த சமயத்தில், தனுஷ்கோடிக்குத் தனக்குத் தெரிந்த ஒரே வழி ஞாபகம் வந்தது. குனிந்தார், பேனா முள்ளில் மூக்கை வைத்தார், ஏலக்காய்க்கு இழுப்பதுபோல் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். சிக்கந்தரோ வாசலில் வந்து நின்ற வேறொருவரிடம் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே, கைப்பழக்கத்தில் வாலைத் திருப்பித் திருகினார். இந்தப் பக்கம் இவர் இழுக்க, அந்தப் பக்கம் பேனா இழுத்தது. பேனா ஜெயித்தது. மூக்கு போனது, கண்ணாடி போனது, தோள், வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, பையில் இருந்த செல்போன் எல்லாம் முள்ளின் பிளவு வழியாக வரிசையாக உள்ளே போயின. படியில் கழற்றி விட்டிருந்த செருப்பு மட்டும் வெளியே நின்றது.

சிக்கந்தர் கெட்டிக்காரர். பேனா காய்ந்துவிடக் கூடாதென்று உடனே முள் வழியாகச் சொட்டுச் சொட்டாக மை விட்டு, துடைத்து, மூடி போட்டுவிட்டுத்தான் சத்தம் போட்டார்.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். பேனாவின் நடுவில் மை தெரிகிற கண்ணாடி வளையம் ஒன்று உண்டு; வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அதற்குள் நீலத்தில், ஒரு ஏலரிசி அளவில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆளுக்கு ஒரு தடவை வாங்கிப் பார்த்தோம். நலமாக இருக்கிறாரா என்று எப்படிக் கேட்பது என்று யோசித்து, மருந்துக்கடைக்காரர் மூடியைத் திறந்து ஒரு துண்டுச் சீட்டில் முள்ளை வைத்தார். அவர் கை தானாக ஓடியது. தனுஷ்கோடியின் குண்டு குண்டு எழுத்தில், ‘நல்லா இருக்கேன், யாரும் வாலைத் திருகாதீங்க, நசுங்கிருவேன்’ என்று வந்தது.

தமயந்தியை ஆட்டோவில் கூட்டி வந்தார்கள். படியில் கிடந்த செருப்பைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள், எல்லோரும் அவள் அழுவாளா மயங்குவாளா என்று வாய் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கேட்டது ஒன்றுதான்.

“கையெழுத்துப் போட்டுட்டாரா?”

பைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்துக் கண்ணாடி மேஜையில் விரித்தாள், பேனாவைக் கையில் பிடித்து முள்ளை அதில் வைத்தாள். கை ஓடியது. ‘பாப்போம்’ என்று எழுதியது.

ஒரு அதிசயம் நடந்தால் அதை வீட்டு மனுஷன் மாதிரி ஆக்கிவிடுவதில் எங்கள் தெருவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு வாரம் போவதற்குள் தனுஷ்கோடி பேனாவில் இருப்பது, இன்னார் மாடி வீட்டில் இருக்கிறார் என்பதுபோல ஆகிவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் வந்து, காணாமல் போனவர் என்று எழுத முடியாது, இருக்கிற இடம் தெரிகிறதே என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். வங்கியில், எந்தக் கையில் பிடித்தாலும் கையெழுத்து அச்சாக அவருடையதாகவே இருப்பதால் ஆட்சேபணை இல்லை என்றார்கள். கோயிலில் அவர் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்து பேனாவுக்குத் திருநீறு பூசினார்கள். மை கலங்குகிறது என்று அவர் எழுதிக் காட்டியதும் அதை மூடியோடு நிறுத்திக்கொண்டார்கள். கல்யாண வீடுகளில் பந்தியில் ஒரு இலையில் பேனாவை வைத்துப் பரிமாறினார்கள், பாயசம் முடிந்ததும் ஒரு சொட்டு மை விட்டார்கள். ஏலக் கூடத்தில் அவர் நாற்காலி அவருக்கே இருந்தது.

ஆனால் அவர் வேறு யார் கையிலும் தங்கவில்லை. மற்றவர்கள் பிடித்தால் எழுத்துக் கோணியது, மை கொப்பளித்தது, சின்னப் பிள்ளை இடுப்பு மாறினால் சிணுங்குகிற மாதிரி. அதனால் தமயந்தி சுமந்தாள். படுக்க வைத்தால் ஒழுகும் என்று நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும், மூடியைச் சரியாகப் போடாவிட்டால் மூச்சு முட்டுகிறது என்று புகார், காலையில் நாலு வரி எழுதாவிட்டால் முள் காய்ந்து உள்ளே புழுங்குகிறது என்று புகார், மை குறைந்தால் முழங்கால் குளிர்கிறது என்று புகார். அடுப்பில் நின்றாலும் துணி காயப்போட்டாலும் ஒரு கை எப்போதும் பேனாவோடு இருந்தது. முன்பு அவர் வெளியே போனால் அந்த இரண்டு மணி நேரமாவது அவள் தனியாக இருப்பாள். இப்போது அவர் எங்கும் போவதில்லை.

அதைவிட மோசம் ஒன்று மெல்ல நடந்தது. அவர் எழுத்துக்கே பழகிப்போன அவள் கை, வேறு பேனாவைப் பிடித்தாலும் அவரையே எழுத ஆரம்பித்தது. பால்காரருக்குச் சீட்டு எழுதினால் குண்டெழுத்தில் ‘நாளைக்குப் பாப்போம்’ என்று வந்தது. திருப்பூருக்கு ஒரு கடுதாசி போடலாம், போனில் சொன்னால் பிள்ளை பயந்துவிடும் என்று உட்கார்ந்து, எனக்கு ரொம்ப முடியவில்லை பாப்பா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே எழுதி முடித்துப் பார்த்தால், ‘இங்கு அனைவரும் நலம்’ என்று இருந்தது. அவள் அந்தக் காகிதத்தை வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகப் பக்கத்து வீட்டு அன்னமயில் சொன்னாள். தன் கையே தனக்கு இல்லை என்றால் பின்னே என்னதான் மிச்சம்?

இப்படியே போக முடியாது, தனுஷ்கோடிக்கு ஒரு நிரந்தர ஏற்பாடு வேண்டும் என்று வியாபாரிகள் சங்கம் கூடியது. நன்றாகக் கவனியுங்கள், தனுஷ்கோடிக்கு. தலைவர் சௌடப்பன் எழுந்து, கார்ட்ரிஜ்ஜுக்கு மாற்றிச் சீல் வைத்துவிடுவதுதான் பாதுகாப்பு, தூசி இல்லை, ஒழுகல் இல்லை, சபரிமலைக்குக்கூடக் கூட்டிப்போகலாம் என்றார். இளவட்டங்கள் கன்வர்ட்டர் என்றார்கள். வாய் அகலம், கழற்றி எடுத்தால் திறந்த வாசல், என்றைக்காவது அவரே வெளியே வந்தாலும் வரலாம். சிக்கந்தரும் கோயில் பூசாரியும் பிஸ்டன் கட்சி. சொந்த வீட்டில் இருக்கிற மனுஷனை நாள் பார்க்காமல் இடம் மாற்றுவதாவது, அதுவும் திருகினால் நசுங்குவேன் என்று அவரே எழுதிய பிறகு. கேசரி, வடை, காபி. மறு வாரமும் கூட்டம், மறுபடியும் கேசரி. மூன்று கட்சியும் ஒருவர் கடையில் ஒருவர் சாமான் வாங்குவதை நிறுத்தின, சம்பந்தம் பேசிய இரண்டு வீடுகள் பேச்சை முறித்துக்கொண்டன. அவரையே கேட்டுவிடலாம் என்று பேனாவை நீட்டினால், திங்கட்கிழமை கார்ட்ரிஜ் என்று எழுதினார், செவ்வாய்க்கிழமை கன்வர்ட்டர் என்று எழுதினார், புதன்கிழமை ‘எல்லாத்தையும் பாப்போம்’ என்று எழுதினார். ஒவ்வொரு கூட்டத்திலும் பேனாவைப் பிடித்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்த தமயந்தியின் உதடு கொஞ்சம் கொஞ்சமாக நிறம் இழந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவள் எந்தக் கட்சி என்பதுதான் எங்களுக்குக் கவலையாக இருந்தது.

ஆனி பிறந்து புதுச் சரக்கு வந்த நாள். ஏலக் கூடம் நிறைந்திருந்தது. தட்டு ஒன்று தனுஷ்கோடியின் நாற்காலிக்கு வந்தது, தமயந்தி மூடியைத் திறந்து முள்ளைத் தட்டின்மேல் பிடித்தாள், பிறகு காகிதத்தில் வைத்தாள். மைக்குள் கிடந்து கிடந்து அவருக்கு மை வாசனை தவிர வேறு தெரியாமல் போயிருந்தது. அந்த மூக்கும் போயிருந்தது. ‘பாப்போம்’ என்று எழுதினார். ஏலம் போடுகிறவர் மரியாதைக்காகச் சுத்தியலைத் தூக்கியபடியே காத்திருந்தார். தமயந்தி எழுந்து அடுத்த தட்டுக்குப் போக ஒரு எட்டு வைத்தாள், கண் இருட்டியது, அப்படியே சரிந்தாள். ஆறு கைகள் பாய்ந்தன. ஆறும் பேனாவைப் பிடித்தன.

பேனா தப்பியது. அவள் தலை சிமெண்டுத் தரையில் மோதிய சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. சேலையில் உதிரம் பரவிக்கொண்டிருந்தது. காய் தரம் பிரிக்கிற அறையிலிருந்து சல்லடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள் அன்னமயில்.

“ஏன்யா, மனுசி விழுந்து கெடக்கா, பேனாவப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே! உங்களுக்கெல்லாம் இருக்கிறது கண்ணா, புண்ணா?”

சௌடப்பன் பேனாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “அவருக்கு ஒண்ணும் ஆகல” என்றார், ஆறுதல் சொல்கிற மாதிரி.

அன்னமயில் மடியில் படுத்திருந்த தமயந்தி கண்ணைத் திறந்தபோது அந்த வாக்கியம்தான் முதலில் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். தண்ணீர் குடித்தாள். எழுந்து உட்கார்ந்தாள். “குடுங்க அதை” என்று பேனாவை வாங்கிக்கொண்டு, அன்னமயில் தோளைப் பிடித்தபடி நேராகச் சிக்கந்தர் கடைக்கு நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம்.

“அந்தக் கன்வர்ட்டர் பேனாவ எடுங்க. ஒரு கார்ட்ரிஜ்ஜும் எடுங்க. அது ரெண்டும் ஒரே பேனாவுல மாட்டும்னு நீங்கதான கூட்டத்துல சொன்னீங்க?”

“மதினி, சங்கம் இன்னும் முடிவு பண்ணலையே...”

“எடுங்க.”

ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கினாள். பிஸ்டன் பேனாவின் முள்ளை அதில் வைத்து, வாலைத் திருகினாள். “ஐயோ நசுங்கிருவாரு!” என்று பிஸ்டன் கட்சி அலறியது. அவள் நிறுத்தவில்லை, அவசரப்படவும் இல்லை. மை சொட்டுச் சொட்டாக வந்தது, கடைசிச் சொட்டில் அவரும் வந்தார், முழுசாக, வேட்டிக்கரைகூடக் கலையாமல், மைக்குள் கைகாலை அடித்துக்கொண்டு. மாசக்கணக்காக ஒரு ஊரே பயந்த விஷயம் அவ்வளவுதான். புதுப் பேனாவின் கன்வர்ட்டரால் மையோடு அவரை உறிஞ்சி எடுத்து, அதைப் பேனாவிலிருந்து உருவி, வாய் மேலே பார்க்க ஒரு டம்ளரில் நிறுத்தி வைத்தாள். மூடி இல்லை, முள் இல்லை, அடைப்பு இல்லை. வாசல் திறந்திருந்தது.

“வாங்க” என்றாள்.

எல்லோரும் குனிந்து பார்த்தோம். நீல மைக்குள்ளிருந்து ஒரு தலை மெல்ல எழும்பி விளிம்பைப் பிடித்தது. கடையைப் பார்த்தார், சுழல்கிற மின்விசிறியைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கிப்போட்டால் போதும், இந்தப் பக்கம் வந்துவிடலாம். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அவர் காலைத் தூக்கினார். பிறகு இறக்கிக்கொண்டார். கொசு முனகுகிற மாதிரி ஒரு குரல் கேட்டது, இத்தனை மாதத்தில் எங்கள் காதில் விழுந்த முதல் பேச்சு.

“காத்து படுது, தமயந்தி. கொஞ்சம் மை ஊத்தேன்.”

“வெளிய வாங்க. வந்து கையெழுத்துப் போடுங்க. நான் செத்துக்கிட்டு இருக்கேன்.”

“வர்றதா, இருக்கிறதான்னு... பாப்போம்.”

மெல்ல மைக்குள் இறங்கிப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவரை யாரும் அடைத்து வைக்கவில்லை. உள்ளே அவருக்கு வசதியாக இருந்தது. அவர் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை, ஆனால் ஊரே அவரைச் சுற்றி நடந்தது. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்குக் கேசரியும் வடையுமாக இத்தனை கூட்டம் ஆனது. தமயந்திக்கு எத்தனை வருஷம் ஆனது என்பதை யோசிக்கவே கூசுகிறது.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தோம். அவளோ காலியாக இருந்த புதுப் பேனாவில் கார்ட்ரிஜ்ஜை வைத்து அழுத்தினாள், டக்கென்று சீல் உடைகிற சத்தம் கேட்டது. சிக்கந்தர் பழக்கதோஷத்தில் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். முள்ளை அதில் வைத்தாள். மறுபடியும் அந்தக் குண்டெழுத்து வந்துவிட்டால்? வரவில்லை. சாய்ந்த, மெலிந்த, கொஞ்சம் வேகமான எழுத்தில் ‘தமயந்தி’ என்று வந்தது. நாங்கள் யாருமே அவள் எழுத்தை அதுவரை பார்த்ததில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இன்னொரு தடவை எழுதினாள், அதன் கீழே இன்னொரு தடவை, சீட்டில் இடம் தீர்ந்து போகும்வரை.

“மதினி, இவரு?” என்று சிக்கந்தர் டம்ளரைக் காட்டினார்.

“வாசல் தெறந்துதான் இருக்கு” என்றாள். “மை ஊத்துறவங்க ஊத்துங்க.”

அன்னமயிலும் அவளும் தேனி பஸ்ஸில் ஏறினார்கள். பின்னே நடந்ததெல்லாம் அன்னமயில் வந்து சொன்னது. பஸ்ஸில் வழி முழுக்கத் தமயந்தி வாய்க்குள் முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள், எப்படிக் கெஞ்சுவது, யாரிடம் கெஞ்சுவது என்று. டாக்டரம்மாவின் மேஜையில், ஒரு மூலையில் ‘பாப்போம்’ என்று எழுதியிருந்த அந்தக் காகிதத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றாளாம்.

“டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரரு கையெழுத்து கெடைக்காது. இனிமே கேக்கவும் முடியாது. வேற என்ன செய்யணும்னு சொல்லுங்க, யார் கால்ல விழணும்னாலும் விழுறேன்.”

டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாடி பிடித்தபடியே சொன்னார்: “யார் கால்லயும் விழ வேணாம்மா. ஒடம்பு உங்களுது, உங்க கையெழுத்துதான் வேணும். வீட்டுக்காரங்க ஒருத்தரும் சேந்து போட்டா நல்லதுன்னு இங்க கேக்கிறது வழக்கம், அவ்வளவுதான். அவரு போடாட்டியும் செய்வோம்.”

“அப்ப அன்னைக்கே...”

“அன்னைக்கே நீங்க போட்டிருக்கலாம். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?”

யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி மேஜையில் இருந்தவர் சொல்லவில்லை, வங்கி சொல்லவில்லை, மூன்று கட்சிகளில் ஒரு கட்சிகூடச் சொல்லவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள் என்றாள் அன்னமயில். பிறகு ஆத்திரம் வந்தது, கழுத்து நரம்பு புடைக்க வந்தது, யார்மேல் என்று தெரியாமல் எல்லோர்மேலும் வந்தது. அழுகையும் கூடவே வந்தது. அது பாட்டுக்கு வரட்டும் என்று விட்டுவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த அந்தப் புதுப் பேனாவின் மூடியைக் கழற்றி, காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

டாக்டரம்மா அதை வாங்கிக்கொண்டு நாள்காட்டியைத் திருப்பினார். “ரத்தம் ரொம்பக் கொறைவா இருக்கு, மொதல்ல அதை ஏத்தணும். வீட்டுக்குப் போய் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, நல்ல நாளா பாத்துக்கிட்டு வர்றீங்களா?”

“கட்டில் ஏதாவது காலியா இருக்கா?” என்று கேட்டாள் தமயந்தி.

“இருக்கு.”

“எந்தப் பக்கம்?” என்று கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டாள்.